இரண்டு தட்டு, ஒரு மிதி

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்த அன்று, வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டே, வண்டிக்காரர் தன் மச்சினனுக்கு வண்டியின் குணம் முழுவதையும் ஒப்பித்தார். இடது கதவைச் சற்றுத் தூக்கிச் சாத்த வேண்டும். ஹாரன் சில சமயம் விடாமல் அலறும். ஓரத்தில் ஒரு குத்து விட்டால் வாயை மூடும். டீசல் முள் சொல்வதை நம்பக் கூடாது. தார்ப்பாய் கட்டும்போது மூன்றாவது கொக்கி கிடையாது. இவ்வளவும் சொன்னவர் பிரேக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. அது அவருக்கு நினைவுக்கே வரவில்லை. அதுதான் கொடுமை.

"போதும் அத்தான், வாயை மூடிட்டுப் படுங்க. பதினோரு வருஷமா டாக்சி ஓட்டுறேன், ஒரு கீறல் விழுந்ததில்ல. உங்க பிக்கப் என்ன, ஆளைக் கடிச்சிருமா?" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனான் மச்சினன்.

பகல் பன்னிரண்டு மணிக்கு, நாற்பது மூட்டை சிமெண்டோடு, கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு இறங்கும் சரிவில் வண்டி நிற்காமல் போயிற்று. கேட்டை உடைத்தது. கேட் ஓரம் நாற்காலி போட்டு, வரும் வண்டிகளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்த காவல்காரர் அங்கேயே இறந்தார். மச்சினனுக்கு இரண்டு காலும் முறிந்தது.

வண்டியின் கதை இரண்டு வருடத்துக் கதை. வாங்கிய ஐந்தாவது மாதமே, முழு லோடோடு சரிவில் இறங்கினால் பிரேக் பெடல் பஞ்சை மிதித்ததுபோல் உள்ளே போயிற்று. சர்வீஸ் சென்டருக்கு ஓடினார். மெக்கானிக் காலி வண்டியை எடுத்துக்கொண்டு சமதளத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "குறை தென்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தார். காலி வண்டியில் அது எப்படித் தென்படும்? வயிறு வலிக்கிறது என்று வந்தவனுக்கு முழங்காலைத் தட்டிப் பார்த்த கதைதான்.

அங்கே காத்திருப்போர் பெஞ்சில்தான் தண்ணீர் டேங்க் ஏற்றி ஓட்டும் ஒருவரைப் பார்த்தார். அவரும் அதே வண்டி வைத்திருந்தார். அதே புகார்.

"இவங்ககிட்ட சொல்றதும் சுவத்துக்கிட்ட சொல்றதும் ஒண்ணுதாங்க. நான் சொல்றதைக் கேளுங்க. லேசா ரெண்டு தட்டு தட்டுங்க, அப்புறம் மிதிங்க. கல்லு மாதிரி நிக்கும். எங்க குரூப்புல நாப்பது பேர் இப்படித்தான் ஓட்டுறோம்."

நாற்பது பேரும் புகார் எழுதி அலுத்து, காலைப் பழக்கிக்கொண்டவர்கள். வண்டிக்காரர் நாற்பத்தொன்றாவது ஆள் ஆனார். முதல் வாரம் மனதுக்குள் எண்ணிக்கொண்டே தட்டினார். ஒரு மாதத்தில் எண்ணுவது நின்றது. ஆறு மாதத்தில் தான் தட்டுவதே அவருக்குத் தெரியவில்லை. சாப்பிடும்போது கை தானாக வாய்க்குப் போகிற மாதிரி, கால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது.

ஆனாலும் மனசு கேட்காமல் மறுபடி ஒருமுறை போனார். இந்தத் தடவை முழு லோடோடு போனார். மெக்கானிக் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "நீங்களே ஓட்டிக் காட்டுங்க" என்றார். வண்டிக்காரர் நல்ல சரிவாகப் பார்த்து இறக்கினார். வண்டி ஆணி அடித்தாற்போல் நின்றது. ஐந்து தடவை இறக்கினார், ஐந்து தடவையும் நின்றது. காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு போன குழந்தை டாக்டர் முன்னால் சிரித்து விளையாடினால் ஒரு தகப்பனுக்கு எப்படி இருக்கும்? அப்படி அசடு வழிந்தார். மெக்கானிக் இரண்டாவது தாளிலும் "குறை தென்படவில்லை, உரிமையாளர் முன்னிலையில் சோதிக்கப்பட்டது" என்று எழுதினார். வண்டிக்காரர் கையெழுத்துப் போட்டார்.

விபத்தன்று மாலை, மயக்கம் தெளிந்ததும் மச்சினன் சொன்ன முதல் வார்த்தை, "ஒரே மிதிதான் அக்கா மிதிச்சேன். பெடல் அப்படியே தரைக்குப் போயிருச்சு."

கட்டில் ஓரம் நின்ற வண்டிக்காரருக்கு உள்ளங்கால் சில்லிட்டது. ஒரே மிதி. பிரேக் உள்ள வண்டியில் உலகத்தில் எல்லோரும் ஒரே மிதிதான் மிதிப்பார்கள். தன் கால்தான் இத்தனை நாளும் அந்தக் கோளாறை மூடி வைத்திருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம். இறந்தவரின் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் தலையில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு நாக்கு எழவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒன்பது நாளைத் தள்ளினார். நாமெல்லாம் அவரைவிட யோக்கியர்களாக இருந்திருப்போமா தெரியாது. ஆனால் அந்த ஒன்பது நாளும் சும்மா போகவில்லை.

விசாரணை அதிகாரி, பெடலை மாற்றி மிதித்திருப்பான் என்றார். பார்க்க வந்த டாக்சிக்காரர்களும், பழகாத வண்டியில் அப்படி ஆவது சகஜம் என்றார்கள். கூடப் பிறந்தவளே ஆறுதலாக நினைத்து, "பதட்டத்துல கால் மாறியிருக்கும்டா" என்றாள். ஒன்பதாம் நாள் மச்சினனே சொல்லிவிட்டான். "உங்களுக்கு இத்தனை நாள் நின்ன வண்டிதானே அத்தான். எனக்கு மட்டும் ஏன் நிக்கல? நான்தான் தப்பா மிதிச்சிருக்கேன்."

பத்தாம் நாள் காலை வண்டிக்காரர் அதிகாரியின் மேஜை முன்னால் போய் நின்றார். ஒன்று விடாமல் கொட்டினார். அதிகாரி கோப்பைத் திறந்து இரண்டு தாளையும் எடுத்து வைத்தார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுதுதான் சார். ஆனா அன்னிக்கு என் காலு..."

"பத்து நாளா எங்க போயிருந்தீங்க? இன்னிக்கு மச்சினன் தப்பை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடணும்னதும் ஞாபகம் வந்துருச்சா?"

"எங்க குரூப்புல நாப்பது பேர் இருக்காங்க. கேட்டுப் பாருங்க."

"சர்வீஸ் சென்டர்ல அப்பவே கேட்டாச்சு. நாப்பது பேர் தாள்லயும் இதேதான் எழுதியிருக்கு. வண்டியைச் சோதிக்கலாம்னா முன்பக்கம் அப்பளமா நொறுங்கிக் கிடக்கு." அவர் குரலில் கோபம்கூட இல்லை. "உங்க பாசம் புரியுதுங்க. வீட்டுக்குப் போங்க."

ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரிக்கு வந்து, மனைவியும் மச்சினனும் இருக்கும்போதே மறுபடி முழுவதையும் சொன்னார். "தப்பு உன்னுது இல்லடா. எனக்குத் தெரியும். நான் சொல்ல மறந்துட்டேன்."

மச்சினனுக்குக் கண்கள் நிறைந்தன. அவர் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"எனக்காக இப்படி ஒரு பொய் சொல்றீங்களே அத்தான்."

"பொய் இல்லடா! சத்தியமா."

"அத்தனை கோளாறையும் சொன்னவரு இதையா மறப்பீங்க? வேண்டாம் அத்தான். உங்களையும் உள்ள தள்ளிருவாங்க. அக்காவுக்கு யாரு இருக்கா?"

மனைவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கல்யாணமான இத்தனை வருடத்தில் பார்க்காத ஒரு பார்வை பார்த்தாள். அதில் இருந்த மதிப்பை அவரால் தாங்க முடியவில்லை. குனிந்துகொண்டார்.

மதியம் அதிகாரி வந்தார். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். மச்சினன் கையெழுத்துப் போட்டான். தாள் போன பிறகு அத்தான் பக்கம் திரும்பினான்.

"அத்தான், ஒரு உதவி. அந்தக் காவல்காரர் வீட்டுக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க. நான் மன்னிப்புக் கேட்டேன்னு அந்த அம்மாகிட்ட சொல்லுங்க. என்னாலதான் நடக்க முடியாதே."

"சொல்றேன்" என்றார் வண்டிக்காரர்.