டாக்டர் வீட்டுக் கட்டில்

"பைய, பைய. கண்ணாடி இருக்குலே, சாய்ச்சிராதீங்க," என்று மாரிராஜ் மாமா கத்திக்கொண்டிருந்தபோது நித்யா ஆட்டோவிலிருந்து இறங்கினாள். அப்பா ஒரு வக்கீல் வீட்டிலிருந்து வாங்கிவந்த அலமாரியை நாலு பேர் வாசலுக்கு வெளியே தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் நின்றார்கள். பாரத்தைக் கீழே வைக்கவும் முடியாமல் துக்கம் விசாரிக்கவும் முடியாமல் அவர்களில் ஒருவர், "வந்துட்டியாம்மா," என்று மட்டும் சொன்னார்.

கொக்கிரகுளத்தில் அந்தச் சந்து அகலம் குறைந்தது. வீட்டுச் சாமான்களில் பாதி ஏற்கெனவே தெருவில் இருந்தது. கூடத்தில் ஐஸ் பெட்டியை வைத்து, சுற்றிலும் பெண்கள் உட்கார வேண்டுமென்றால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். ஏதோ ஒரு தையல்கடையில் துணி வெட்டிய நீள மேசை, ஓரத்தில் அங்குலக் கோடுகளோடு, எதிர்வீட்டுச் சுவரை ஒட்டிக் கிடந்தது. அவள் சாப்பிட்டதும் படித்ததும் அதில்தான். அதன் மேல் பல் டாக்டரின் சுழல் முக்காலி தலைகீழாகக் கிடந்தது. மூடிப்போன சினிமாக் கொட்டகையிலிருந்து வந்த, மூன்று சேர்ந்தாற்போல் இருக்கும் மடக்கு நாற்காலியில் அப்பாவோடு தபாலாபீஸில் வேலை பார்த்த நேசையா உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டு எழுந்தார். எழுந்ததும் இருக்கை படாரென்று பின்னால் மடங்கிக்கொண்டது.

"என்னவே, இன்னும் படம் போடலயா?" என்று பக்கத்தில் நின்றவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பலவேசம் எந்திரிச்சு வந்து டிக்கெட்டக் காட்டுன்னு கேப்பான், இரும்," என்றார் நேசையா. சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அப்பா உள்ளே ஐஸ் பெட்டிக்குள் இருந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர். நாலு மணிக்கு அம்மா டீயோடு போய் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. மதுரையிலிருந்து வருகிற வழியெல்லாம் அழுதுகொண்டே வந்த நித்யாவுக்கு, கண்ணாடிக்குள் அவருடைய முகத்தைப் பார்த்தபோது அழுகை வரவில்லை. அந்த வீட்டிலேயே புத்தம்புதிதாகப் பளபளத்தது அந்தப் பெட்டி ஒன்றுதான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கப்பட்டாள்.

அப்பா பலவேசம் முப்பத்தாறு வருஷம் பாளையங்கோட்டையில் தபால்காரராக இருந்தவர். எந்த வீட்டில் பெரியவர்கள் காலமாகிப் பிள்ளைகள் விற்கப்போகிறார்கள், எந்த வீட்டை இடிக்கிறார்கள் என்பதெல்லாம் கடிதங்களோடு கடிதமாக அவருக்குத் தெரிந்துவிடும். வேண்டாமென்று ஒதுக்கியதைக் கேட்டு வாங்கி சைக்கிளிலோ தள்ளுவண்டியிலோ கொண்டுவருவார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், வார்னிஷ் அடிப்பார். அடுப்படிக்கு மாட்டியது ஒரு பாங்குக் கதவு. அதில் ‘தள்ளு’ என்று எழுதியிருந்ததை மட்டும் சுரண்டவில்லை. "என் அடுப்படிய எவன் தள்ளுதான்?" என்று அம்மா சண்டை போட்டுப் பார்த்தாள். "நல்ல எழுத்துட்டி, இருந்துட்டுப் போட்டும்," என்றார்.

எந்தச் சாமானையும் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. நித்யாவின் சிநேகிதிகள் வந்தால், ஆளை அறிமுகம் செய்துவைப்பதுபோல் ஒவ்வொன்றையும் காட்டுவார். வக்கீல் வீடு, பல் டாக்டர், கொட்டகை. கடையில் வாங்க வழியில்லாத வீடு என்று ஊருக்கே சொல்கிறார் என்பதாகத்தான் அவளுக்குக் கேட்கும். பிறகு அவள் யாரையும் கூட்டிவருவதை நிறுத்திவிட்டாள்.

கடைசியாக உள்ளறையிலிருந்து கட்டில் வந்தது. மெத்தையை யாரோ முதலிலேயே சுருட்டி எடுத்துவிட்டார்கள். தேக்குக் கட்டில். தலைப்பலகையில் இரண்டு கிளிகள், நடுவில் ஒரு பழம்.

"அதத் தனியாப் போடுங்கலே, மத்ததோட சேக்காதீங்க," என்றார் மாமா.

நித்யா வாசலில் நின்று அதைப் பார்த்தாள். அது அவளுடைய கட்டில். அவள் வேண்டாமென்று சொன்ன கட்டில்.

முருகன்குறிச்சியில் ஒரு டாக்டர் இருந்தார். மனைவி இறந்ததும் மகளோடு இருக்கப் போய்விட்டார். போகும்போது இந்தக் கட்டிலைப் பலவேசத்துக்குக் கொடுத்தார். மேலே யாரோ பச்சைப் பெயிண்டைப் பூசி வைத்திருந்தார்கள். அதைச் சுரண்டி எடுக்க நாலு மாதம் ஆனது. கிளியின் அலகுக்குள் அடைத்துக்கொண்டிருந்ததை ஊக்கு முனையால் எடுத்தார். நித்யாவின் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுப்பதற்காக.

நிச்சயத்துக்கு முந்தின வாரம் மாப்பிள்ளையின் அம்மா வீட்டுக்கு வந்தார். "கட்டில் லெச்சணமா இருக்கே. எங்க செஞ்சிய?" என்று கேட்டார். அப்பாவுக்கு அந்தக் கேள்வி போதுமானதாக இருந்தது.

"செய்யல தாயி. டாக்டர் வீட்டுக் கட்டிலு. நாப்பது வருசம் அந்த அம்மா இதுலதான் படுத்தாவ. தங்கமான மனுசி. கடைசில உயிர் போனதும் இதுலதான். ஆனா இன்னைக்கும் ஒரு சத்தம் கெடயாது பாத்துக்கிடுங்க," என்று கட்டிலைப் பிடித்து அசைத்துக் காட்டினார். உண்மையிலேயே ஒரு சத்தமும் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா பாதிக் காப்பியோடு டம்ளரைக் கீழே வைத்தார்.

மறுநாள் தரகர் வந்தார். கட்டில் மட்டும் புதுசாக இருந்தால் நல்லது என்று அவர்கள் நினைப்பதாகச் சொன்னார். அவர் படியிறங்கும்வரை நித்யா பொறுத்திருந்தாள்.

"அந்த வாயக் கொஞ்சம் மூடிட்டு இருந்தா என்னப்பா? எவளோ செத்த கட்டில்ல நான் படுக்கணுமா?"

அப்பா தன்னுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்புத்தாள் பட்டு விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. "சொல்லாம எப்படிம்மா குடுக்கது?" என்றார். சாயங்காலமே போய்ப் புதுக் கட்டிலுக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்தப் புதுக் கட்டில் ஐந்து வருஷம்கூடத் தாங்கவில்லை. பலகை உப்பி, மேலே ஒட்டியிருந்தது பெயர்ந்து வந்தது. வீடு மாறும்போது நித்யா அதைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டாள். அப்பாவிடம் சொல்லவில்லை. "கட்டிலு எப்படிம்மா இருக்கு?" என்று போனில் எப்போதாவது கேட்பார். "நல்லாருக்குப்பா," என்பாள். போன மாதம்கூடக் கேட்டார். போன மாதமும் அதையேதான் சொன்னாள்.

அவள் வந்த மறுநாள் காலையில் சிந்துபூந்துறைச் சுடுகாட்டில் எல்லாம் முடிந்தது. வீட்டைக் கழுவிவிட்டார்கள். சாயங்காலம் வெறும் கூடத்தில் அம்மாவும் அவளும் மட்டும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். பேசினால் குரல் எதிரொலித்தது. அம்மா சுடலைவடிவு ரொம்ப நேரம் தரையில் ஈரம் காய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்கப்பா மின்னயெல்லாம் கட்டில்ல படுத்து நீ பாத்திருக்கியாட்டி?"

"இல்ல. பாய்லதான் படுப்பாங்க. முட்டு வலிக்குதுன்னுதான கட்டிலுக்கு மாறினாங்க?"

"முட்டுமில்ல, ஒண்ணுமில்ல. நீ கல்யாணமாகிப் போன மறுநாளு அதுல ஏறிப் படுத்தாரு. என்னய்யா புதுசான்னு கேட்டேன். ‘படுத்துக் காட்டுதேன் வடிவு. எனக்கு ஒண்ணும் ஆகலன்னு கண்டா பிள்ள வாங்கிக்கிடுவா’ன்னாரு."

நித்யா அம்மாவைப் பார்த்தாள்.

"எங்கிட்ட சொல்லவேயில்லையேம்மா."

"நீ வாரப்பல்லாம் சொல்லணும்னுதான் இருப்பாரு. நீ வந்த மறுநாளே பஸ்ஸுக்கு நேரமாச்சும்ப. ‘அடுத்த தடவ சொல்லிக்கிடுதேன்’னு சட்டைய மாட்டிட்டு ஒன்ன பஸ் ஏத்தப் போயிருவாரு. ‘இப்பம் அஞ்சு ஆச்சு வடிவு. இப்பம் எட்டு ஆச்சு’ன்னு எங்கிட்டதான் சொல்லிக்கிட்டிருந்தாரு." அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "பன்னெண்டு வருசம் ஒண்ணும் ஆகலட்டி."

யாரோ வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அம்மா எழுந்து உள்ளே போனாள்.

மூன்றாம் நாள் காடாத்து. சாம்பலைத் தாமிரபரணியில் கரைத்துவிட்டு ஆண்கள் ஈரத் தலையோடு திரும்பினார்கள். சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைத்து உள்ளே கொண்டுபோனார்கள். அலமாரி போனது, மேசை போனது, நாற்காலி போனது. எதிர்ச் சுவரோரம் கட்டில் மட்டும் நின்றது.

"அத ஆத்தங்கரைல கொண்டு போட்டுரலாம்," என்றார் மாமா. "உயிர் போன கட்டிலு மறுபடி வாசப்படி ஏறப்பிடாது."

"இந்த வீட்ல இருக்கிற பாதி சாமான் செத்தவங்க வீட்டுலேர்ந்து வந்ததுதான மாமா?"

"அது ஊரான் வீட்டுச் சாவு. இது நம்ம வீட்டுச் சாவுல்லா."

கணவன் தேவேந்திரன் வேப்பமரத்தடியில் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான். அவனிடம் போனாள்.

"ஒரு வேன் பிடிச்சா இத மதுரைக்குக் கொண்டுபோயிரலாமா?"

அவன் கட்டிலையும் அவளையும் பார்த்தான். கெட்ட மனிதன் இல்லை. "எனக்கு ஒண்ணும் இல்ல நித்யா. அம்மா கேப்பாங்க. அன்னைக்குப் பேசினதெல்லாம் மறுபடி பேசுவாங்க. அதுக்கு நீ தயாரா? நீ வேணும்னு சொல்லு, நான் அம்மாகிட்ட சொல்லுதேன்."

"ஒரு நிமிஷம் இருங்க," என்றாள்.

வேணும் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்திருந்தது. அப்போதுதான் லோடு ஆட்டோ ஒன்று சந்துக்குள் நுழைந்தது. இறங்கியவர்கள் இருவருமே சின்ன வயது. பையன் தன் பெயர் ஆரிப், மேலப்பாளையத்திலிருந்து வருவதாகச் சொன்னான்.

"பலவேசம் அண்ணாச்சி வீடு இதான? மேசையும் ரெண்டு நாக்காலியும் பாத்து வைக்கேன், இன்னைக்கு வாங்கன்னு சொல்லியிருந்தாவ. தனி வீடு எடுத்திருக்கோம்."

சொல்லிக்கொண்டே வந்தவன், வாசலில் மாலை போட்ட படத்தைக் கண்டு நின்றுவிட்டான். ஏதோ ஓதுவதுபோல் அவன் உதடு அசைந்தது. அவன் மனைவி தஸ்மியா துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். "எங்களுக்குத் தெரியாதுக்கா. வெள்ளிக்கெழம போன்ல பேசினாவளே," என்றாள்.

அவர்கள் திரும்பிப் போகத்தான் பார்த்தார்கள். மாமா விடவில்லை.

"இருங்க தம்பி. கட்டிலு இருக்கா ஒங்க வீட்ல?"

"இல்ல அண்ணாச்சி. பாய்தான்."

"அப்பம் இந்தா, இதத் தூக்கிட்டுப் போங்க. காசு கீசு ஒண்ணும் வேண்டாம்." மாமா நித்யாவைப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்கிற பார்வை.

ஆரிப் கட்டிலருகே போனான். தலைப்பலகையைத் தடவிப் பார்த்தான்.

"அதுல படுத்திருந்தப்பதான் எங்கப்பா இறந்தாங்க," என்றாள் நித்யா. "செவ்வாக்கெழம. அதுக்கு மின்ன ஒரு டாக்டரோட சம்சாரம். அவங்களும் இதுலதான்."

மாமா தலையில் கைவைத்தார். "ஏட்டி, அப்பன் புத்தி அப்படியே இருக்கேட்டி ஒனக்கு."

அது அப்பாவின் புத்தி இல்லை. கேட்டதும் வேண்டாமென்று போய்விடுவார்கள், கட்டில் இங்கேயே நிற்கும் என்றுதான் அவள் சொன்னாள். போய்விடுவார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

தஸ்மியா அவளைப் பார்த்தாள். "தூக்கத்துலயாக்கா?"

"ஆமா. சாப்பிட்டுட்டுப் படுத்தவங்க."

"அல்லா எல்லாருக்கும் இப்படி ஒரு மவுத்தக் குடுக்கணும்," என்றாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் பைய உட்கார்ந்தாள். ஒருமுறை அசைந்து பார்த்தாள். புருஷனைப் பார்த்துச் சிரிக்கப்போனவள், எங்கே இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எடுத்துக்கிடுதோம் அண்ணாச்சி," என்றான் ஆரிப்.

தேவேந்திரன் பைக்கிலிருந்து நிமிர்ந்து நித்யாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா நிலைப்படியில் நின்றாள். வேணும் என்று இப்போது சொன்னால்கூடப் போதும். அந்தப் பெண் எழுந்துவிடுவாள், வருத்தப்படக்கூட மாட்டாள். நித்யா வாயைத் திறந்தாள்.

"தலைப்பலகைய மொதல்ல கழட்டணும்," என்றாள். "உள்பக்கம் மர ஆப்பு இருக்கும். இந்தப் பக்கமாத் தட்டுங்க. இல்லன்னா கீறல் விழுந்திரும்."

ஆரிப் தட்டினான். ஆப்பு சுலபமாக வந்தது. சட்டங்களையும் பலகைகளையும் மாமாவே முன்னின்று ஏற்றினார். தலைப்பலகை மட்டும் படுக்கவைத்தால் அடங்கவில்லை. நிறுத்திவைத்துக் கயிறு கட்டினார்கள். ஆனாலும் ஆடியது.

"நான் பின்னால ஏறிப் பிடிச்சுக்கிடுதேன்," என்றாள் தஸ்மியா.

"வேண்டாம்மா, முன்னால உக்காரு. வழியெல்லாம் மேடும் பள்ளமும்," என்றார் மாமா.

"விழுந்திரும் அண்ணாச்சி." அவள் அதற்குள் ஏறிவிட்டாள். "அக்கா, ஒரு நாளைக்கு வீட்டுக்கு வாங்க. நாங்க எப்படிப் போட்டிருக்கோம்னு பாருங்க."

"வாரேன்," என்றாள் நித்யா.

ஆட்டோ புறப்பட்டது. சந்து முனையில், மெயின் ரோட்டில் பஸ் ஒன்று கடந்துபோவதற்காக நின்றது. தஸ்மியா ஒரு கையால் பலகையை அணைத்துக்கொண்டு, மறுகையால் துப்பட்டாவின் நுனியை நாலாக மடித்தாள். மரத்துக்கும் ஆட்டோவின் இரும்பு விளிம்புக்கும் நடுவில் அதைச் செருகினாள்.