காந்திமதி மேல் வந்த சாமி

ஆடி முதல் வெள்ளியன்று முடிச்சூர் அம்மன் கோயிலில் காந்திமதி மேல் சாமி வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வராத சாமி. பம்பைச் சத்தத்துக்குத் தலைவிரித்து ஆடியவள், கூழுக்கு நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு புருஷன் வேதாசலத்தின் எதிரே வந்து நின்றாள்.

“டேய்! தினம் சோத்துப் பையத் தூக்கிகினு எங்கடா போற?”

வேதாசலம் சட்டென்று சுற்றி நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். அவன் வேலை பார்த்த கார் உதிரிபாகக் கம்பெனி, ஆர்டர் இல்லையென்று வைகாசியிலேயே ஆட்களை நிறுத்திவிட்டது. வீட்டில் அவன் சொல்லவில்லை. காலையில் கிளம்பிப் போய்த் தாம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் திரும்புவான்.

சாமியாவது பூதமாவது! யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டேஷனில் டீ விற்கும் அன்புவைப் பிடித்து உலுக்கினான்.

“உன் வூடு எங்க கீதுன்னே எனக்குத் தெரியாதுண்ணா” என்றான் அன்பு.

காந்திமதியோ, “நான் இன்னா பேசுனேன்? ஒண்ணும் ஞாபகமில்லயே” என்றாள். வாரக்கணக்கில் தூக்கமில்லாமல் புரண்டுகொண்டிருந்தவள் அன்று அடித்துப்போட்டதுபோல் தூங்கினாள். அதுவும் நடிப்போ என்று குனிந்து அவள் மூச்சைக் கவனித்தான்.

அடுத்த வெள்ளி அவள் முகத்தையே பார்த்தபடி நின்றான். மறுபடி சாமி வந்தது; அவள் உள்ளங்கையில் சூடம் எரிந்தது, இமை அசையவில்லை. மறுநாள் பாத்திரம் தேய்க்கும்போது கையை உதறினாள். “இது எப்போ சுட்டுச்சு?”

அவனுக்குப் பொறுக்கவில்லை. “எனக்கு வேலை போனது உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

காந்திமதி குழாயை மூடினாள். “உன் சட்டையில கிரீஸ் கறையே இல்ல. துவைக்கிறவ நான்தானே? கேட்டா உனக்கு அவமானமாப் பூடும்னு கம்முனு இருந்தேன்.”

“அப்ப அங்க பேசுனது நீதான்!”

“சத்தியமா தெரியல. ஆனா அது வந்துட்டுப் போனா நெஞ்சுல பாரமே இல்லாம கீது.”

அவன் நம்பவில்லை. ஆனாலும் அதன்பின் ஸ்டேஷனுக்குப் போகவில்லை; நாலு பேரிடம் வாய்விட்டுக் கேட்டு வேலை தேடினான். காட்டாங்குளத்தூரில் ஒரு மாணவர் விடுதியில் எலக்ட்ரீஷியன் வேலை கிடைத்தது.

ஆடிக் கடைசி வெள்ளி. பம்பை முழங்கியது. பக்கத்தில் நின்ற பெண்களெல்லாம் ஆடினார்கள். காந்திமதி கண்ணை மூடி, கையில் வேப்பிலையோடு காத்து நின்றாள். வரவில்லை. முகம் வாடிப்போயிற்று.

கவலை தீர்ந்ததும் சாமி ஓடிவிட்டது பார் என்று வேதாசலம் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. கவலை தீர்ந்தது தனக்கு மட்டும்தானோ? வீட்டில் அடக்கி வைத்ததையெல்லாம் இறக்கிவைக்க இந்த ஒரு இடத்தை விட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

பம்பைக்காரர் தோளிலிருந்து வாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். வேதாசலம் அவரிடம் போனான்.

“அண்ணா, இன்னொரு தபா அடிங்கண்ணா.”