ரத்தினம்மா தெரிந்தெடுத்த ஜின்

1

இந்தக் கதை ஒரு மெனு அட்டையால் வந்தது. கண்டியில் ஹோட்டல் வைத்திருக்கும் நண்பர் ராஜலிங்கம், "கலந்து குடிக்க நல்ல ஜின் எதுன்னு நாலு வரி எழுதித் தாங்க, அட்டையில போடணும்" என்றார். ஐந்து நிமிஷ வேலை. எழுதிக் கொடுத்தேன்:

தனியாக முகரும்போது மயக்குகிற ஜின்னை நம்பாதீர்கள். தண்ணீரும் தேசிக்காய்ப் புளிப்பும் விட்ட பிறகும் எது தன் வாசத்தோடு நிற்கிறதோ, அதையே வாங்குங்கள்.

சரியான பேச்சு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாலு வரியோடு கை நிற்கவில்லை, கதையாக நீண்டுவிட்டது. (ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குக் கொஞ்சம் தைரியம் சேர வேண்டும்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "மலைகளில் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்த..."

வேண்டாம். மலைநாட்டுக் கதை என்றால் பனி இறங்கியே ஆக வேண்டுமா?

இரண்டாவது முயற்சி. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலம், 1874 என்று வைத்துக்கொள்ளுங்கள். புசல்லாவைத் தோட்டமொன்றின் பங்களாவில் காளிமுத்து சமையலும் மேசையும் பார்க்கிறான். நாளை கண்டியிலிருந்து பெரிய துரை வருகிறார். கடையிலிருந்து இரண்டு மாதிரி ஜின் போத்தல்கள் வந்திருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்துப் பானம் கலக்க வேண்டியது காளிமுத்து. பெரிய துரை முகம் சுளித்தால் வேலை போய்விடும். அவனோ முருகனுக்கு நேர்ந்து குடியை விட்டவன். நாக்கில் ஒரு சொட்டு வைக்க மாட்டான்.

3

ரத்தினம்மா அவன் மனைவி. முதலில் கோப்பி பறிக்கிறவளாக எழுதினேன்; சும்மா நின்றாள். ஆகவே கோப்பி ஸ்டோருக்கு மாற்றினேன். அங்கே பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைத் தொட்டியில் ஊறப்போடுவார்கள். பசை விட்டதும் கழுவ வேண்டும். தாமதித்தால் புளித்துக் கெட்டுவிடும். அந்த நேரத்தைச் சொல்வது ரத்தினம்மாவின் மூக்கும் கையும்தான்.

[அடிக்குறிப்பு: கோப்பி பற்றி இன்னும் இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். எனக்கு நன்றி சொல்லுங்கள்.]

காளிமுத்து இரண்டையும் முகர்ந்து முதலாவதை எடுத்தான்.

"இதுதான். தொறந்ததுமே என்னமா மணக்குது பாரு."

"தொட்டியும்தான் மணக்கும்," என்றாள் ரத்தினம்மா. "கழுவுனதுக்கு அப்புறம் என்ன நிக்குதுன்னு பாக்கணும். ரெண்டுலயும் தண்ணி ஊத்துங்க. தேசிக்காயப் பிழிங்க."

இரண்டிலும் ஒவ்வொரு வாய் குடித்தாள். முதலாவதில் தேசிக்காய்ப் புளிப்பு மட்டுமே மிஞ்சியிருந்தது. இரண்டாவதில் புளிப்பைத் தாண்டி ஒரு காட்டுமணம் தொண்டை வரை வந்தது.

"இத ஊத்துங்க. நல்லாருக்குன்னு துரை சொன்னா, யாரு எடுத்ததுன்னு சொல்லுவீங்களா?"

காளிமுத்து எழுந்து கதவைச் சாத்தினான். துரையின் சரக்கைக் கூலி லயத்துப் பெண் குடித்தாள் என்று தெரிந்தால் இருவரையும்... வாக்கியத்தை முடிக்க வேண்டியதில்லை. உங்களுக்கே தெரியும்.

4

பெரிய துரை குடித்தார். இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு, "இந்த ஜின்னை எடுத்தது யார்?" என்றார்.

காளிமுத்து தட்டோடு நிற்கிறான். குசினிக் கதவுக்குப் பின்னால் ரத்தினம்மா.

முடிவு ஒன்று: "நான்தான் துரை." வேலை நிலைக்கிறது. அவள் தொட்டிக்குத் திரும்புகிறாள்.

முடிவு இரண்டு: "எம் பொஞ்சாதி, துரை." பெரிய துரை சிரிக்கிறார், அல்லது கிளாஸைக் கீழே வைத்துவிட்டு...

இரண்டையும் எழுதினேன். இரண்டும் நன்றாகவே வந்தன. எதையும் வைத்துக்கொள்ள மனம் வரவில்லை.

5

சொல்கிறேன் என்றேனே.

ராஜலிங்கத்தின் ஹோட்டலில் கிளாஸ் கழுவுகிறவர் இராஜகுமாரி. இரண்டு ஜின்களை முன்னால் வைத்துக்கொண்டு, மணக்கிற ஒன்றைப் பெரிய மனுஷனாட்டம் நான் எடுத்தபோது, மேசை துடைக்க வந்தவர் நின்றார்.

"தண்ணி ஊத்திப் பாருங்க சேர். கழுவுறப்ப எனக்குத் தெரியும், எதுல வாசம் நிக்குதுன்னு."

அவர் சொன்னபடியே செய்து பார்த்தேன். பிறகுதான் அந்த நாலு வரியை எழுதினேன்.

ராஜலிங்கம் படித்துவிட்டு, "அருமையா இருக்கே. இத யாரு சொன்னது?" என்றார். இராஜகுமாரி கிளாஸ்களை அடுக்கியபடி பக்கத்திலேயே நின்றார். என்னை மலையிலிருந்து விரட்ட எந்தத் துரையும் இல்லை. பறிபோக ஒரு வேலையும் இல்லை.

"நான்தான்," என்றேன்.

இராஜகுமாரி கிளாஸ்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காளிமுத்துவின் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என் பதில், என் பெயரோடு, அட்டையில் அச்சாகிவிட்டது.