தொள்ளாயிரம் கேபி

மேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் என் பிரவுசிங் சென்டர். வாசல் போர்டில் ‘அதிவேக இன்டர்நெட்’ என்று எழுதி வைத்திருந்தேன். வேகமாவது, மண்ணாங்கட்டியாவது! மோடம் கத்திக் கதறி டெலிபோன் லைனைப் பிடிப்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். தூறல் விழுந்தால் அதுவும் போச்சு. ஆனால் ஒரு ஃபைல் இறங்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் லைனில் விநாடிக்கு ஒன்றரை கிலோபைட், எங்கள் பாஷையில் கேபி. ஃபைலின் அளவை அதால் வகுத்துப் பார்த்தால் தீர்ந்தது. கூடக் குறைய ஒரு நிமிஷம் இருக்கும்.

அன்று மத்தியானம் பேச்சிமுத்து என்பவர் மருமகளைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். மகன் சிவபாண்டிக்குத் துபாயில் கட்டட வேலை. அங்கே சாரம் சரிந்து ஒரு ஆள் இறந்துவிட்டான். அதே கம்பெனியில் சிவபாண்டி என்று இரண்டு பேர். போனது எவன் என்று வீட்டார் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். மகனைத் துபாய்க்கு அனுப்பிவைத்த ஏஜென்ட், இறந்தவனின் படத்தை என் மெயிலுக்கு அனுப்பியிருந்தார்.

அடப் பாவி, இதைக் காட்டவா நான் கடை போட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். மெயிலைத் திறந்தேன். தொள்ளாயிரம் கேபி.

“எம்புட்டு நேரமாகும் சார்?” என்றார் பேச்சிமுத்து.

“பத்து நிமிஷம்.”

மருமகள் முத்துமீனா திரைக்கு முதுகைக் காட்டி, ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

“முழுசா வந்த பெறகு கூப்புடுங்க மாமா. அதுக்கு முன்னாடி ஒண்ணும் சொல்லாதீக.”

எனக்குப் புரிந்தது. அந்தப் பத்து நிமிஷமும் அவள் புருஷன் உயிரோடுதான் இருப்பான்.

படம் மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கியது. முதலில் வெள்ளைத் துணி. பிறகு தலைமுடி. மற்ற நாளில் தொட்டதற்கெல்லாம் அறுந்துபோகிற சனியன் பிடித்த லைன், அன்றைக்கென்று கெட்டியாக நின்றது. அறுந்து தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். நெற்றி வந்தபோது பேச்சிமுத்து குனிந்து பார்த்தார். கண்கள் வந்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார். சத்தமே இல்லை. உடம்பு மட்டும் குலுங்கியது. எனக்கு அவரைத் தொடவும் தைரியம் வரவில்லை.

ஆறாவது நிமிஷத்திலேயே படம் முழுசாக வந்து நின்றுவிட்டது. என் கணக்கு அவ்வளவு தப்பி நான் பார்த்ததில்லை.

“இன்னும் எம்புட்டு இருக்குண்ணே?” ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

பேச்சிமுத்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். துண்டை எடுக்காமலே, மற்றக் கையை நெஞ்சருகே உயர்த்தி ஒற்றைக் கையால் கும்பிட்டார்.

“லைன் ரொம்ப ஸ்லோம்மா,” என்றேன். “இன்னும் நாலு நிமிஷமாகும்.”

“ஆகட்டும்ணே.”

அதுவரை நின்றுகொண்டே இருந்தவள், பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.