சங்கம் கண்டுபிடித்த திருட்டு

மட்டாஞ்சேரி கடின மர வியாபாரிகள் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு இந்த ஆண்டு ஏழு சேவைகளை அறிவித்தது. பளபளப்பான தாளில் அச்சடித்த கையேட்டை அளவுக்காரர் செல்லப்பா ஒருமுறை புரட்டிப் பார்த்தார். மலேசியா சுற்றுலா, குடும்பக் காப்பீடு, போனில் அன்றாட மர விலை, இலவசக் கண் பரிசோதனை. இவர்களுக்குக் கண் பரிசோதனை ஒன்றுதான் அவசியம் என்று நினைத்துக்கொண்டார். தேக்குக்கும் வாகைக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் சங்கத்தில் பாதிப் பேர். அப்பன் வைத்துவிட்டுப் போன மரக்கடையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுதான் அவர்கள் செய்கிற வியாபாரம்.

ஏழாவது சேவை கூட்டுக் கொள்முதல். எல்லோரும் சேர்ந்து வெளிநாட்டுத் தேக்கை மொத்தமாக வாங்கி, கொச்சங்காடியில் வாடகைக்குப் பிடித்த கிடங்கில் இறக்கி, பங்கு பிரித்துக்கொள்வது. அளப்பதற்குச் செல்லப்பாவை வைத்தார்கள். தென்காசியிலிருந்து மலையாளக் கரைக்கு வந்த நாளாக இருபத்திரண்டு வருஷம் அவருக்கு அதே வேலை. உருண்டை மரத்தின் நடுவே கயிற்றைச் சுற்றுவார். சுற்றிய கயிற்றை நாலாக மடிப்பார். மடித்த நீளத்தை அதே நீளத்தால் பெருக்கி, மரத்தின் நீளத்தாலும் பெருக்குவார். அக்கம்பக்கத்துக் கிடங்குகளில் வாங்குவதும் விற்பதும் அந்தக் கயிற்றளவில்தான்.

வந்திறங்கிய அறுபத்துநாலு மரத்தையும் இரண்டு நாளில் அளந்து, தாளைக் கிடங்கின் முகப்பிலேயே இருந்த சங்க ஆபீசில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை கிடங்கின் கதவில் நோட்டீஸ் தொங்கியது. அதே நோட்டீஸ் வாட்ஸ்அப்பிலும் சுற்றியது. மலையாளம் அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும்; மகள் கற்பகம்தான் படித்துச் சொன்னாள், சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மரம் விற்ற வெளிநாட்டுக்காரனின் பில்லில் நூறு கன மீட்டர், செல்லப்பாவின் தாளில் எழுபத்தெட்டரை. மீதியை அவர் கடத்திவிட்டாராம். உறுப்பினர் யாரும் அவருக்கு வேலை தரக் கூடாது.

அளவுக்காரனுக்கு மூலதனம் என்பது அவன் பெயர்தான். அது கெட்டால் மட்டாஞ்சேரியில் ஒருத்தனும் அவனை மரத்தின் பக்கம் அண்டவிடமாட்டான். செல்லப்பாவுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மூடர்களிடமா நான் கள்ளன் என்று பெயர் வாங்க வேண்டும்?

ஆபீசில் தலைவர் சேவியரும் செயலாளர் ஷாஹிரும் இருந்தார்கள். உட்காரச் சொல்லவில்லை.

"பில்லுல எத்தன மரம் சேட்டா?" என்று கேட்டார் செல்லப்பா.

"அறுபத்துநாலு," என்றார் சேவியர்.

"கெடங்குல?"

"அறுபத்துநாலு."

"பொறவு நான் எதத் தூக்கிட்டுப் போனேன்?"

ஷாஹிர் இதற்குத் தயாராக இருந்தான். "வல்ய மரத்த எடுத்துட்டு செறிய மரத்த வெச்சிட்டீங்க. நாங்க ஒண்ணும் பொட்டன்மாரில்ல, ஏமாந்து போக."

செல்லப்பா பில்லைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு மரத்துக்கும் சுற்றளவும் நீளமும் அடித்திருந்தது. தன் தாளை அதன் பக்கத்தில் வைத்தார். அதே சுற்றளவு, அதே நீளம், அறுபத்துநாலு வரியிலும். மரத்திலேயே பிறந்து வளர்ந்ததாகப் பீற்றிக்கொள்ளும் இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட இரண்டு தாளையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. கடைசி வரியைப் பார்த்துவிட்டு நோட்டீஸ் அடிக்கப் போய்விட்டார்கள்.

"அங்க உள்ளவன் முழு உருண்டைக்கும் கணக்குப் போட்டிருக்கான்," என்றார் செல்லப்பா. "நம்ம கயிற நாலா மடிச்சா உருண்டையச் சதுரமாக் கணக்கு வைக்கோம். அறுக்கும்போது ஓரம் கழிஞ்சு போகும்லா, அதுக்குப் பழைய ஆளுக விட்டுக்கொடுத்த தள்ளுபடி. நூறுக்கு எழுபத்தெட்டரதான் வரும். எந்த மரத்த வேணாலும் அளந்து பாருங்க."

சேவியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று செல்லப்பா ஒரு கணம் நம்பினார். அதற்குள் ஷாஹிர் போனில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சேவியர் பக்கம் திரும்பினான்.

"சேட்டா, அப்போ நாட்டுத் தேக்கக் கயிறளவில வாங்கி, இந்தப் பில்லளவில வித்தா? ரேட்டு அதேதான், எழுபத்தெட்டரைக்குக் காசு கொடுத்து நூறுக்கு வாங்கலாம். வாங்குறவனுக்கு எந்து தெரியும்?"

சேவியரின் முகம் மலர்ந்தது. அந்த ஆள் அவ்வளவு சீக்கிரம் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டு செல்லப்பா பார்த்ததே இல்லை.

"எட்டாவது சேவையா இத வெச்சிரலாம்," என்றார் சேவியர். "செல்லப்பா, நீதான் இதுக்குப் பொறுப்பு. சம்பளம் கூட்டித் தராம். சாயா குடிக்கறோ?"

"நோட்டீசு?"

"அது இப்போ தன்னே வலிச்சுக் களயாம்."

"கிழிச்சாப் போதாது. நான் களவாங்கலன்னும், ரெண்டு அளவு இருக்கது உங்களுக்குத் தெரியாமப் போச்சுன்னும் எழுதி ஒட்டணும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது பற்றில்ல, முடியாது," என்றார் சேவியர், குழந்தைக்குச் சொல்வது மாதிரி. "அத எழுதினா மரம் வாங்க வர்றவனுக்கெல்லாம் விஷயம் தெரிஞ்சுபோகும்ல்லே?"

"ஒரு கம்பு எடுக்காதவன காலையில கள்ளன்னு ஒட்டினீங்க. இப்ப ஊரக் கொள்ளையடிக்க ஒரு ஆளு வேணும், அதுக்கும் என்னையே கூப்பிடுதீங்க. உங்க சாயாவ நீங்களே குடிங்க."

கிடங்கில் இடம் போதாமல் பாதி மரங்கள் தெருவோரம் வரை அடுக்கிக் கிடந்தன. செல்லப்பா மரத்துக்கு எண் போடும் சிவப்புப் பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு முதல் மரத்தின் வெட்டுமுகத்துக்கு எதிரே குந்தினார். கயிற்றளவு 1.25 என்று எழுதினார். அதன் கீழே முழு அளவு 1.59 என்று எழுதினார். மலையாளத்திலேயே எழுதினார். எழுத்துக் கோணலாக வந்தது, ஆனால் பெரிதாக வந்தது.

வைப்பின் தீவில் படகு கட்டுகிற யூசுப் தேக்குப் பார்க்க வந்தவர், நின்று படித்தார். "இதென்ன, ஒரே மரத்துக்கு ரெண்டு அளவு? இதில எதுக்கு நான் காசு கொடுக்கணும்?"

"உள்ள ரெண்டு பேர் இருக்காங்க. அவங்ககிட்டக் கேளுங்க," என்று சொல்லிவிட்டு, செல்லப்பா இரண்டாவது மரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.