பத்து வினாடி வைத்தால் போதும்

கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளருக்கு இருபது வருடக் காது. ஹெட்போனை மாட்டினால் எந்த ஒயரில் கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று அந்த வானொலி நிலையத்தில் பேர் வாங்கியவர். அந்தப் பேரைத் தாமே நாலு பேரிடம் சொல்லியும் வந்தவர். அப்பேர்ப்பட்ட காதுக்குப் பிடிபடாத ஒன்று இப்போது அவர் வீட்டுக்கே வேட்டு வைத்திருந்தது. மதியச் செய்தி வாசிப்பது அவர் மனைவி. மூன்று வாரமாக நேயர்கள் போன் மேல் போன் போட்டு, "மியூசிக் நல்லா வருது, அம்மா குரல் மட்டும் கெணத்துக்குள்ள போன மாதிரி இருக்கு" என்றார்கள். மேலாளர் அவளுக்குக் குரல் தளர்ந்துவிட்டதாக முடிவு கட்டிவிட்டார். அவளை மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு மாற்றும் கடிதம் இன்று பன்னிரண்டு மணிக்கு வரப்போகிறது.

ஒலிபரப்பில் கோளாறு வந்தால் மணி அடிக்கும் கண்காணிப்புப் பெட்டியைச் சரிபார்க்கும் தொழில்நுட்பப் பெண் காலை எட்டுக்கே வந்துவிட்டாள். பேச்சு குறைவு. நிலையத்தில் அவளுக்கு வைத்த பேர் 'வாய்ப்பூட்டு'. பெட்டியைத் தொடுவதற்கு முன்பே அவரிடம் திரும்பினாள்.

"சார், போன் பண்ணவங்க எதுல கேக்கறாங்க?"

"ரேடியோலதான். வேற எதுல கேப்பாங்க?"

"ஒரு ஸ்பீக்கர் ரேடியோவா, ரெண்டா?"

மூன்று வாரத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. புகார்க் குறிப்பேட்டில் இருந்த நான்கு எண்களுக்கு அவர் வரிசையாகப் பேசினார். நான்கு வீட்டிலும் ஒற்றை ஸ்பீக்கர் வைத்த சின்ன ரேடியோ.

"இடது பக்கமும் வலது பக்கமும் ஒண்ணுக்கொண்ணு தலைகீழா போனா, நம்ம ஹெட்போன்ல குரல் கேக்கும் சார். ஒரே ஸ்பீக்கர்ல ரெண்டும் சேரும்போது ஒண்ணை ஒண்ணு தின்னுடும்."

"அதுக்குத்தானே இந்தப் பெட்டி? மணி அடிக்கலையே."

அவள் பெட்டியின் திரையைத் திறந்து பார்த்தாள். "சத்தம் நின்னு போனாத்தான் இப்ப அடிக்கும். தலைகீழைக் கண்டுபிடிக்கிறதை யாரோ அணைச்சு வெச்சிருக்காங்க."

அந்த யாரோ அவர்தான். ஞாயிற்றுக்கிழமை இசை நிகழ்ச்சி வந்தால் போதும், அந்த மணி சும்மா சும்மா அடித்து உயிரை வாங்கும். இரண்டு மாதத்துக்கு முன்னால் பொறுக்கமாட்டாமல் அணைத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. இப்போதும் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

அணைத்ததை அப்படியே திரும்பப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள் என்று நினைத்தார். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அடுத்த ஞாயிறு வேறொருவர் அணைத்திருப்பார். அவளோ இசை நிகழ்ச்சியின் பதிவைப் போட்டு, காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து முழுசாகக் கேட்டாள்.

"பாட்டுல தலைகீழா வர்ற இடம் எதுவும் ஆறு வினாடியைத் தாண்டலை. தொடர்ந்து பத்து வினாடி இருந்தாத்தான் அடிக்கணும்னு வெச்சா போதும்."

வேலை முடிந்தது என்று அவர் நாற்காலியை நகர்த்தினார். அவள் நகரவில்லை. போன மாதத்துச் செய்தியைப் போட்டு, அவர் மனைவி மூச்சு விடும் இடங்களை ஒவ்வொன்றாக அளந்தாள்.

"மூச்சுக்கு முக்கால் வினாடி. ஒரு செய்தி முடிஞ்சு அடுத்ததுக்குப் போக ஒண்ணரை. அந்த இடைவெளியில எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்துக்குப் போனா மணி எப்பவுமே அடிக்காது சார். ரெண்டு வினாடி வரைக்கும் பொறுத்துக்கச் சொல்றேன்."

கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆகிறது, அந்த மூச்சை அவர் ஒரு நாளும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. தம் இருபது வருடக் காதை இவள் காலடியில் வைத்துவிடலாம் என்று மனதாரத் தோன்றியது.

பன்னிரண்டுக்கு மேலாளர் உறையோடு வந்தார். பின்னால் பொறுப்பாளரின் மனைவியும் வந்து நின்றாள். 'வாய்ப்பூட்டு' ஒன்றும் விளக்காமல் நேற்றைய செய்தியை ஓட்டினாள். தொடக்க இசைக்குப் பெட்டி சும்மா இருந்தது. குரல் வந்து பத்தாவது வினாடியில் மணி அடித்தது. அதே பதிவை ஒற்றை ஸ்பீக்கருக்கு மாற்றினாள். குரல் போன இடம் தெரியவில்லை.

"மூணு வாரம் முன்னாடி அந்த ஸ்டுடியோல மைக் ஒயர் மாத்தியிருக்காங்க. வலது பக்கத்துக்குப் போற முனையில மட்டும் ரெண்டு கம்பி இடம் மாறியிருக்கணும். அம்மா குரல்ல ஒரு குறையும் இல்ல சார்."

மேலாளர் உறையை இரண்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் செருகினார்.

"சரி, இத்தனை நாள் இது ஏன் அடிக்கலை?"

திரையில் அணைத்த தேதியும் ஆளின் பெயரும் இருந்தன. அவள் அந்தப் பக்கத்தை மூடினாள். "பழைய செட்டிங் சார்," என்றாள்.

அத்தோடு பொறுப்பாளர் தப்பித்திருக்கலாம். அவ்வளவு நேர்த்தியாக வேலை செய்தவளைத் தமக்காக ஒரு மழுப்பல் சொல்ல வைத்தது அவருக்குக் கூசியது.

"நான்தான் அணைச்சேன்," என்றார். "தொல்லையா இருக்குன்னு அணைச்சேன். யார்கிட்டயும் சொல்லலை."

மேலாளர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அது இவர் காதில் விழவில்லை. மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாகச் சாப்பிடும்போதெல்லாம், "கொஞ்சம் சத்தமா வாசிக்கக் கூடாதா?" என்று அவளிடம் கேட்டவர் அவர்.

"நீங்களும் என் குரல் போயிடுச்சுன்னுதானே நெனச்சீங்க," என்றாள்.

"ஆமா," என்றார்.