நானூறு ஸ்குவாட்ஸ்

செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணி. மஞ்சக்குப்பம் மைதானத்தில் அனுப்பிரியா இசைவாணியைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டாள்.

"மேடம், நேத்து சாயங்காலத்துலேர்ந்து யூரின் கருப்பா போவுது. கோலா மாதிரி. தொடைய மடக்கவே முடியல. இன்னைக்கு ஓடலாமா, வேணாமா?"

இசைவாணிக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர். பள்ளி தொடங்குவதற்கு முன்னால், போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறிய பெண்களுக்கு ஓட்டமும் தாண்டுதலும் பழக்குவாள். இருபத்திரண்டு வயதில் ஓட்டத் தேர்வில் இரண்டே விநாடி பிந்தி அந்த வேலையைக் கோட்டைவிட்டவள். தன்னிடம் வருகிறவர்களுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்பதில் வெறியாக இருந்தாள்.

இந்த முறை ஏழு பேர். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியவர்கள் நாலு மாதத்தில் நானூறு மீட்டரை நிற்காமல் ஓடினார்கள். சிதம்பரத்திலிருந்து சனி, ஞாயிறு மட்டும் வரும் இளவரசிக்குப் பிரசவத்துக்குப் பிறகு ஒட்டிக்கொண்டிருந்த இடுப்பு வலி போயே போய்விட்டது. அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. பதினாறு நாள் மைதானம் முழுக்கத் தண்ணீர். யாரும் வரவில்லை. மழை விட்ட வாரம் உடல்தகுதித் தேர்வுக்கான கடிதம் வந்தது. பன்னிரண்டே நாள்தான் இருந்தது.

இசைவாணி பதறிப்போனாள். விட்டதையெல்லாம் ஒரே நாளில் பிடிக்கப் பார்த்தாள். ஞாயிறு காலை ஏழு பேரையும் நிற்கவைத்து, நானூறு தடவை உட்கார்ந்து எழும் ஸ்குவாட்ஸ் போடச் சொன்னாள். இருநூறில் கால் நடுங்கியது. "நடுங்கட்டும். வேலை வேணுமா, வீட்டுக்குப் போறியா?" என்று கத்தினாள். முந்நூறில் நாலு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். நானூறை முடித்தவர்கள் மூன்று பேர்தான். அவர்களில் அனுப்பிரியா ஒருத்தி.

கருப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் இசைவாணி போனை எடுத்தாள். அவளுடைய தம்பி சார்லஸ் பாண்டிச்சேரியில் ஒரு மருத்துவமனை லேப்பில் டெக்னீசியன். அவனுக்குப் போன் போட்டாள். அவன் முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"அக்கா, ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. தசை சிதைஞ்சு ரத்தத்துல கலந்திருக்கும். அது கிட்னிய அடைச்சிடும். ரத்தத்துல சி.பி.கே.ன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அத பாக்கச் சொல்லு. வலி மாத்திரை எதுவும் போட வேணாம்னு சொல்லு. என்னா பண்ண வச்ச அவுங்கள?"

அவள் போனை வைத்துவிட்டு ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

அனுப்பிரியாவை ஸ்கூட்டியில் ஏற்றிப் பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். ரத்தத்தில் தசைப் புரதம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. சிறுநீரகம் இன்னும் தாக்குப்பிடிக்கிறது, சலைன் ஏற்றினால் போதும் என்றார்கள். அனுப்பிரியாவின் அண்ணன் வந்து சேர்ந்ததும் இசைவாணி வராந்தாவில் நின்றுகொண்டு மற்றவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தாள். நாலு பேருக்கு வலி மட்டும்தான். நானூறை முடித்த இன்னொருத்தி கனிமொழி. "தண்ணி நெறைய குடிச்சேன் மேடம், யூரின் நல்லாதான் போவுது" என்றாள். அவளையும் ரத்தப் பரிசோதனைக்கு உடனே வரச் சொன்னாள்.

பாக்கி இளவரசி. போன் சுவிட்ச் ஆஃப்.

மூன்று தடவை அடித்துப் பார்த்தாள். வீட்டுக்காரர் நம்பர் அவளிடம் இல்லை. வருகை நோட்டில் விலாசம் மட்டும் இருந்தது: சிதம்பரம், வண்டிகேட் பக்கம், மோட்டார் ரிவைண்டிங் கடை மாடி. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. ஸ்கூட்டியிலேயே கிளம்பினாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர். ஒவ்வொரு ஊரிலும் வண்டியை ஓரங்கட்டிப் போன் போட்டாள். ஒவ்வொரு தடவையும் அதே பதிவுக்குரல். வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது கை வியர்த்து ஆக்ஸிலரேட்டர் வழுக்கியது.

ரிவைண்டிங் கடையில் இளவரசியின் கணவன் பழனிவேல் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்க மேடம். அவ மாடியில படுத்திருக்கா. ஒடம்பு வலின்னு ரெண்டு நாளா எழுந்திரிக்கல. போன அணைச்சு வச்சிட்டுத் தூங்குறா."

"மாத்திரை எதுனா போட்டாளா?"

"மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கியாந்தேன். ஆறோ ஏழோ போட்டிருப்பா."

இசைவாணி படியில் ஓடினாள். இளவரசியின் மாமியார் தங்கம்மாள் மருமகளின் தொடையில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். தொடை இரண்டும் வீங்கித் தோல் பளபளத்தது. முகமும் உப்பியிருந்தது.

"மேடம்! நீங்க எதுக்கு இவ்ளோ தூரம்... சனிக்கெழம வந்துடுவேன்."

"யூரின் எப்பம்மா போன?"

இளவரசி மாமியாரைப் பார்த்துத் தயங்கினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நேத்து மத்தியானம். கொஞ்சமா, டிகாஷன் மாதிரி. அப்புறம் வரல" என்றாள்.

நேற்று மத்தியானம் என்றால் இருபது மணி நேரத்துக்கு மேல். இசைவாணி பழனிவேலைக் கூவி அழைத்தாள். "ஆட்டோ புடிங்க. இப்பவே."

"ஆஸ்பத்திரில சேத்துட்டாங்கன்னா டெஸ்ட்டுக்குப் போவ முடியாது மேடம்" என்று இளவரசி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பத்து நாள்தான் இருக்கு. நீங்கதான சொன்னீங்க, வலிய தாங்கறவதான் ஜெயிப்பான்னு."

"தப்பா சொல்லிட்டேன்ம்மா. எழுந்திரு."

எழுந்திருக்க முடியவில்லை. பழனிவேல்தான் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

மருத்துவமனையில் டியூட்டியில் இருந்த பெண் டாக்டர் தொடையை அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "என்ன செஞ்சாங்க? எங்கயாவது விழுந்தாங்களா?"

பழனிவேல், "ஒண்ணும் இல்ல டாக்டர், சாதாரண எக்சர்சைஸ்தான்" என்றான்.

அப்படியே விட்டுவிட்டால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் இசைவாணி முன்னால் வந்து சொன்னாள்: "பதினாறு நாள் பயிற்சி இல்லாம இருந்தாங்க. ஞாயித்துக்கெழம வெயில்ல நானூறு ஸ்குவாட்ஸ். நான்தான் போட வச்சேன். நடுவுல நிறுத்தப் பாத்தாங்க, நான் விடல. வலி மாத்திரை ஏழு போட்டிருக்காங்க. யூரின் போயி ஒரு நாள் ஆவப்போவுது."

பழனிவேல் திரும்பி அவளைப் பார்த்தான்.

டாக்டர் உடனே ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். ரத்த முடிவு மத்தியானம் வந்தது. இருநூறுக்குள் இருக்க வேண்டிய சி.பி.கே. எண்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஒன்றுக்குப் பதில் மூன்று. பொட்டாசியமும் கூடியிருந்தது. "அதுதான் பயம். இதயத் துடிப்பையே கலைச்சிடும்" என்றார் டாக்டர். "மருந்தும் சலைனும் போவுது. சாயங்காலத்துக்குள்ள யூரின் வரலன்னா டயாலிசிஸ்தான்."

கட்டிலுக்குக் கீழே டியூபோடு யூரின் பை தொங்கியது. அடியில் காப்பிப் பொடியைக் கரைத்ததுபோல் கொஞ்சம். பழனிவேல் கட்டிலின் ஒருபக்கம் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இசைவாணி கதவோரம் நின்றாள். உட்காரச் சொல்ல யாருமில்லை. அவளுக்கும் உட்காரத் தோன்றவில்லை. இரண்டு மணிக்கு நர்ஸ் அளந்தாள்: பதினைந்து மில்லி. மூன்றுக்கு இருபது. மானிட்டர் ஒருமுறை வேகமாகக் கத்தியபோது பழனிவேல் துள்ளி எழுந்தான். விரலில் மாட்டியிருந்த கிளிப் கழன்றிருந்தது, அவ்வளவுதான். அவன் அதை மாட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.

நாலேமுக்காலுக்கு நர்ஸ் குனிந்து பார்த்தாள். "அறுபது வந்திருக்கு." ஐந்தரைக்கு நூற்றிருபது. நிறம் கருப்பிலிருந்து செம்பழுப்பானது. டாக்டர் ஈ.சி.ஜி.யைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். "டயாலிசிஸ் இப்போதைக்கு வேணாம்" என்றார்.

பழனிவேல் அப்போதுதான் வாய் திறந்தான். "நீங்க கெளம்புங்க மேடம். இனிமே இங்க வராதீங்க."

இசைவாணி ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

இளவரசி ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தாள். தேர்வு நடந்த நாளில்கூட அவளால் தனியாக எழுந்து நிற்க முடியவில்லை. அனுப்பிரியாவும் போகவில்லை. கனிமொழி தப்பினாள், டாக்டரிடம் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டு தேர்வில் ஓடினாள். ஏழு பேரில் தேறியது மூன்று பேர். இசைவாணி அடுத்து வந்தவர்களிடம் முதல் நாளே நடந்ததைச் சொன்னாள், தன் பெயரோடு. இரண்டு பேர் மறுநாளிலிருந்து வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து இளவரசியே போன் செய்தாள். "கிட்னி சரியாயிடுச்சாம் மேடம். மெதுவா நடக்க ஆரம்பிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. எவ்ளோ தூரம் நடக்கலாம்?"

இத்தனை மீட்டர் என்று ஒரு கணக்கு இசைவாணிக்கு வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள். "எனக்குத் தெரியலம்மா. டாக்டரையே கேப்போம். உன் வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டா நானும் வரேன்."

போன் கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு பழனிவேலின் குரல் வந்தது. "வெள்ளிக்கெழம பத்து மணிக்கு வாங்க."

வெள்ளிக்கிழமை டாக்டர் பத்து நிமிடம் என்றார். மருத்துவமனை வளாகத்து வேப்பமர நிழலில் இளவரசி நடந்தாள். பழனிவேல் ஒருபக்கம், இசைவாணி ஒருபக்கம். ஏழாவது நிமிடத்தில் இளவரசிக்கு மூச்சு வாங்கியது.

"இன்னும் மூணு நிமிஷம்தான மேடம், முடிச்சிடவா?"

"வேணாம். உக்காரு" என்றாள் இசைவாணி.

சிமெண்ட் பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.